நாக் கிரேடு வந்துவிட்டது, சர்டிபிகேட் எப்போது வரும்?

பல்கலைக்கழகத் தரம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும், உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) கொடுக்கும் கிரேடைத்தான் சொல்கிறார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 2021-இல் அதன் உச்ச கிரேடான ஏ பிளஸ் பிளஸ் வாங்கியபோது தர்மபுரிக்காரர்களான எங்களுக்கும் சந்தோஷம்தான். சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டக் கல்லூரிகளுக்கும் அதுதானே தாய்ப் பல்கலைக்கழகம். ஆனால் அந்த கிரேடு இணைப்புக் கல்லூரிகளுக்குப் பொருந்தாது. பென்னாகரத்திலும் ஊத்தங்கரையிலும் இருக்கும் கல்லூரி தனியாக விண்ணப்பித்துத் தன் கிரேடை வாங்க வேண்டும், நம் பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பதோ அங்கேதான்.

இனி நான் சொல்வது எல்லா அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்துத்தான். இணைப்புக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்றால் தேர்வுத் துறை மட்டும்தான். ரிசல்ட், மறுமதிப்பீடு, மார்க் ஷீட், கடைசியில் பட்டச் சான்றிதழ். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஓசூர் கம்பெனியில் சேர்ந்திருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர், சர்டிபிகேட் என்ன ஆச்சு என்று விசாரிக்க லீவு போட்டு, ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் பிடித்துப் போய், 'அடுத்த வாரம் வாங்க' என்ற பதிலோடு திரும்பினால் அந்தப் பல்கலைக்கழகத்தின் தரத்தை அவர் எதை வைத்து மதிப்பிடுவார்?

விதி இல்லாமல் இல்லை. மாணவர் பட்டத்துக்குத் தகுதி பெற வேண்டிய தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2008-லேயே ஒழுங்குமுறை கொண்டுவந்துவிட்டது. இது நம் ஊர்ப் பெற்றோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டமளிப்பு விழாவுக்குத் தேதி கிடைக்கவில்லை, துணைவேந்தர் நாற்காலி காலி, செக்‌ஷனில் ஆள் இல்லை என்று காரணங்கள் வரும். சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே 2023 ஆகஸ்ட்டில் துணைவேந்தர் பதவி காலியாகி நீண்ட காலம் குழுதான் நிர்வாகம் செய்தது. துணைவேந்தர் நியமனத்தில் ஆளுநருக்கும் அரசுக்கும் நடக்கும் இழுபறியில் மாணவர் ஏன் மாட்ட வேண்டும்?

ஓசூர் தாண்டினால் கர்நாடகம். அங்கே 2011-இல் வந்த சகாலா சட்டப்படி, பட்டியலில் உள்ள அரசுச் சேவை குறித்த நாளுக்குள் கிடைக்காவிட்டால் விண்ணப்பதாரர் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். தொகை சின்னதுதான். ஆனால் தாமதம் யாரோ ஒரு அதிகாரியின் பெயரில் பதிவாகிறது, எனக்கு முக்கியம் அதுதான்.

தேர்வு முடிந்து ரிசல்ட் வர எத்தனை நாள் ஆகிறது என்று நாக் ஏற்கெனவே கணக்குக் கேட்கிறது. சர்டிபிகேட் கைக்கு வர எத்தனை நாள் என்பதையும் அப்படியே கேட்கட்டும். அதுவரை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாதாமாதம் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை முடிந்தது, 180 நாள் தாண்டியும் கிடப்பவை எத்தனை என்று தன் இணையதள முகப்பில், அந்த ஏ பிளஸ் பிளஸ் பேனருக்குப் பக்கத்திலேயே போட வேண்டும்.