ஏழு பாட்டன் பேரும் எட்டுக் கிலோ பருப்புப்பொடியும்

(பாளையங்கோட்டை. சண்முகம், பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கோமதி, அவர் மனைவி, மாமன் மகள். கஜகஸ்தான் போவதென்று முடிவாகிவிட்டது. எப்படிப் போவது என்பதில்தான் தகராறு.)

கோமதி: அத்தான், கேளுங்க. அல்மாட்டி, அஸ்தானா, துர்கிஸ்தான், சாரின் பள்ளத்தாக்கு, கோல்சாய் ஏரி. பத்து நாள்ல அஞ்சு இடம். எழுதியாச்சு.

சண்முகம்: கிலோமீட்டர் எழுதுனியா?

கோமதி: அது எதுக்கு?

சண்முகம்: ஏளா, கிலோமீட்டர் இல்லாம ஒரு டிரிப் ஷீட்டா? அல்மாட்டில இருந்து அஸ்தானா 1,200 கிலோமீட்டர். இங்க இருந்து சென்னைக்குப் போயிட்டுத் திரும்பி வார தூரம். அது அங்க ஒரு வழிக்கு மட்டும். துர்கிஸ்தான் வேற பக்கம், அது ஒரு 800க்கு மேல. நீ போட்ட திட்டத்துல பாதி நாள் ஜன்னல் வழியா புல்லைப் பாத்துக்கிட்டே இருக்கணும்.

கோமதி: மேப்ல பக்கத்துல இருந்துச்சே?

சண்முகம்: 27 லட்சம் சதுர கிலோமீட்டர் நாடு. மொத்த ஜனம் ரெண்டு கோடி. நம்ம தமிழ்நாட்டுல மட்டும் ஏழு கோடிக்கு மேல. ஊருக்கும் ஊருக்கும் நடுவுல டீக்கடை இருக்கும்னு நினைச்சியா?

கோமதி: சரி, அஸ்தானாவையும் துர்கிஸ்தானையும் அடிச்சாச்சு. தலைநகரத்தைப் பாக்காம வந்தோம்னு ஊர்ல சொல்லுவாவ.

சண்முகம்: 1997 வரைக்கும் அல்மாட்டிதான் தலைநகரம், பழைய தலைநகரத்தைப் பாத்தோம்னு சொல்லிக்கோ. அஸ்தானா பேரை 2019ல நூர்சுல்தான்னு மாத்தி, 2022ல திரும்பவும் அஸ்தானான்னே மாத்திட்டாவ. அந்த ஊர்ல பஸ்ஸுக்கு போர்டு எழுதுனவன் பாடு கொண்டாட்டம்.

கோமதி: உங்களுக்குப் பிடிச்ச சமாச்சாரம் ஒண்ணு சொல்லுதேன். முன்னால அல்மாட்டி நேரம் நமக்கு அரை மணி முன்னால இருந்துச்சாம். 2024 மார்ச் 1ல இருந்து நாடு முழுக்க ஒரே நேரம். இப்போ நமக்கு அரை மணி பின்னால.

சண்முகம்: அப்போ பழைய புத்தகத்தைப் பாத்து போறவன்?

கோமதி: ஒரு மணி நேரம் கணக்குத் தப்பும்.

சண்முகம்: (பரவசமாக) ஒரு மணி நேரம்! சரி, விசா?

கோமதி: நம்ம பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் வரைக்கும் வேண்டாம். 2022 ஜூலைல இருந்து அப்படித்தான். அடிக்கடி போறவுகளுக்கு 180 நாள்ல மொத்தம் 42 நாள்தான். நாம 14ஐயும் இழுத்துப் பிடிக்காம பத்தாம் நாளே கிளம்பிரணும். பிளைட் ரத்தானா கைல நாலு நாள் மிச்சம் இருக்கும்லா.

சண்முகம்: டெல்லி வரைக்கும் ரயில்ல போயிருவோம், அங்க இருந்து ஏர் அஸ்தானா. சுமார் நாலு மணி நேரம். இறங்குன உடனே வெளிய 'டாக்ஸி டாக்ஸி'ன்னு கூவுதவன் கூடப் போகாத. யாண்டெக்ஸ் ஆப்ல போட்டா என்ன ரேட்டுன்னு ஏறும் முன்னாலயே தெரிஞ்சிரும்.

கோமதி: இன்னொண்ணு. போய் இறங்குன மூணு வேலை நாளைக்குள்ள, நம்மளத் தங்க வைக்கவுக போலீஸுக்குத் தகவல் குடுக்கணும். ஹோட்டல்னா அவுகளே பண்ணிருவாவ. வாடகைக்கு வீடு எடுத்தா அந்த வீட்டுக்காரரைக் கேட்டு உறுதி பண்ணிக்கிடணும். அவரு மறந்துட்டா, திரும்பும்போது ஏர்போர்ட்ல நிக்கப்போறது நாமதான்.

சண்முகம்: செப்டம்பர்ல போவோம். அல்மாட்டில ஆப்பிள் பழுத்திருக்கும். உலகத்து ஆப்பிளுக்கெல்லாம் மூலமே அந்த மலைல வளர்ந்த காட்டு ஆப்பிள்தானாம்.

கோமதி: புரட்டாசி பிறந்துருமே. நீங்க கறி தொட மாட்டிய. அங்க கறியைத் தொடாதவன் என்னத்தத் திங்கது?

சண்முகம்: சனவரி?

கோமதி: அஸ்தானால மைனஸ் 30க்கெல்லாம் போகும். மார்கழிப் பனிக்கே மங்கி குல்லா போடுத ஆளு நீங்க. ஜூன் கடைசில போவோம். அப்போதான் கூடாரத்துல ஆளு இருக்கும்.

சண்முகம்: அப்போ மத்த மாசம் கூடாரத்துல ஆளு இல்லையா? அங்க எல்லாரும் கூடாரத்துலதான இருக்காவ?

கோமதி: அல்மாட்டில இறங்குனா லிப்ட் வச்ச வீடும் மெட்ரோ ரயிலும்தான் அத்தான். நாடோடிப் பொழப்புன்னா கண்ட பக்கம் சுத்துறதுன்னு நினைச்சியளா? குளிர்காலத்துக்கு ஒரு இடம், கிஸ்தாவ். காத்து அடிக்காத மலை மடிப்பு. வசந்தத்துக்குக் கோக்தேவ், அங்க குட்டி போடும். கோடைக்கு ஜைலாவ், மேல மலைப் புல்வெளி. கோடை முடிஞ்சு இலை உதிரும்போது குசேவ், அங்க ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பாவ். வருஷா வருஷம் அதே இடம், அதே வழி. இன்னார் கூட்டத்துக்கு இன்ன தடம்னு உண்டு.

சண்முகம்: அட, இது நாலு டெப்போ வச்சு ஓட்டுன ரூட்டுல்லா! பெர்மிட்டோட!

கோமதி: அந்தப் பெர்மிட்டைத்தான் சோவியத்து சர்க்கார் கேன்சல் பண்ணுச்சு. கூட்டுப்பண்ணைன்னு சொல்லி மந்தையப் பூரா பிடுங்கிக்கிட்டாவ. 1930ல இருந்து 1933 வரைக்கும் பஞ்சம். 15 லட்சம் பேர் வரைக்கும் செத்தாவ. அதுக்கப்புறம் அந்தப் பொழப்பு பழையபடி வரவே இல்ல.

சண்முகம்: ...

கோமதி: இப்போ மேய்க்கிற குடும்பம் மட்டும் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மேல ஏறும். அல்மாட்டிக்குக் கிட்டன்னா அசி புல்வெளி. துர்கென் பள்ளத்தாக்கு வழியா ஏறணும்.

சண்முகம்: எத்தனை கிலோமீட்டர்?

கோமதி: ஒரு நூறு இருக்கும். ரெண்டு மணி நேரம்.

சண்முகம்: யாரு ரெண்டு மணி நேரம்னு சொன்னது? கடைசித் துண்டு தார் இல்லாத கல் ரோடு, மழை பெஞ்சா சேறு. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் இல்லாம ஏறாது. போக வர ஒரு முழு நாளை அதுக்கே எழுது. வண்டி பேசும்போது டீசல், டிரைவருக்குச் சாப்பாடு, டிரைவருக்குப் படுக்கை, பார்க் நுழைவுச் சீட்டு, நாலும் சேத்தா சேக்காமலான்னு கேக்கணும். கேக்காம ஏறுனவன் இறங்கும்போது ஒண்ணு ஒண்ணா சண்டை போடணும்.

கோமதி: இப்போ கூடாரம். ஒழுங்கா கேளுங்க. சுவர் மாதிரி நிக்கது கெரெகெ, மடக்குத பின்னல் தட்டி. அதுல இருந்து மேல வளைஞ்சு போறது உய்க், கம்பு. எல்லாக் கம்பும் போய்ச் சேருற உச்சி வட்டம் ஷனிராக். புகை போகவும் வெளிச்சம் வரவும் அதுதான் வழி. அந்த நாட்டு முத்திரைலயே அதைத்தான் வரைஞ்சிருக்கு. மேல ஆட்டு மயிர்க் கம்பளம்.

சண்முகம்: ஒண்ணு வாங்கி நம்ம மொட்டைமாடில போட்டா என்ன?

கோமதி: பாளையங்கோட்டை வெயிலுக்குக் கம்பளிக்குள்ளயா?

சண்முகம்: கோடைல கீழ்ப்பக்கம் கம்பளத்தை மடிச்சு மேல தூக்கிருவாவளாம். காத்து உள்ள புகுந்து ஷனிராக் வழியா வெளிய போயிரும். நானும் கொஞ்சம் படிச்சிருக்கேன்.

கோமதி: படிச்சவரு வாசப்படியப் பத்திப் படிச்சியளா? வாசப்படிய மிதிக்கக் கூடாது.

சண்முகம்: நம்ம வீட்டுலயும் அதே சட்டம்தான்.

கோமதி: நீங்க அங்ஙனதான் நின்னு போன் பேசுவிய. உள்ள போனா நேரா எதிர்ப்பக்கம் தோர், மரியாதைக்காரவுக உக்காருற இடம். அவுக சொன்னா உக்காரணும், நீங்களா ஓடிப்போய் உக்காரக் கூடாது. தரைல துணி விரிச்சு சாப்பாடு வச்சிருப்பாவ, தஸ்தர்கான். அதைத் தாண்டிக் காலை வைக்கக் கூடாது. வீட்டுக்குள்ள விசில் அடிக்கக் கூடாது, காசு போயிரும்பாவ.

சண்முகம்: டைம் கீப்பர்கிட்டப் போய் விசில் அடிக்காதன்னா எப்படி?

கோமதி: ரொட்டியக் கவுத்து வைக்கக் கூடாது. முக்கியமா, ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிக் கிளம்பவே கூடாது. அவசரம்னா ஒரு துண்டு ரொட்டியப் பிச்சு வாயில போட்டுட்டு எந்திரிக்கலாம், அவுகளுக்கு மனசு ஆறிரும்.

சண்முகம்: டீ?

கோமதி: பால் டீ. ஆனா அரைக் கோப்பைதான் ஊத்துவாவ.

சண்முகம்: கஞ்சத்தனமா?

கோமதி: மரியாதை. கொஞ்சமா ஊத்துனாத்தான் தீரத் தீரத் திரும்ப ஊத்தலாம், நீங்களும் உக்காந்து பேசலாம். கோப்பை நிறைய ஊத்துனா, குடிச்சுட்டுக் கிளம்புன்னு அர்த்தம்.

சண்முகம்: (யோசித்து) ஏளா, உங்க அம்மா எனக்கு எப்பவும் லோட்டா நிறையல்லா குடுத்தாவ?

கோமதி: (கேளாதது போல) போதும்னா கோப்பை மேல கையை வச்சு மூடணும். மூடாட்டா ஊத்திக்கிட்டே இருப்பாவ. அப்புறம் குமிஸ்.

சண்முகம்: அது குதிரைப்பால்தான?

கோமதி: பெட்டைக்குதிரைப் பாலைப் புளிக்க வச்சது. குட்டியப் பக்கத்துலயே கட்டிப் போட்டு, அது முட்டி வாய் வச்ச அப்புறம்தான் பால் இறங்கும். கறக்கது நாளைக்கு ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. சுமார் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமா. மாட்டுப்பாலை விட அதுல இனிப்பு ஜாஸ்தி. அந்தச் சர்க்கரைதான் புளிக்கும்போது கொஞ்சம் சாராயமா மாறுது, ஒண்ணு ரெண்டு சதவீதம். புகை பிடிச்ச தோல்பையில ஊத்தி, மத்தைப் போட்டுக் குத்திக்கிட்டே இருப்பாவ.

சண்முகம்: ஆக, வீட்டுக்காரம்மா அனுமதியோட ஒரு சதவீதம்!

கோமதி: முதல் நாளே பெரிய கிண்ணம் குடிச்சியன்னா வயிறு அறுத்துக்கிட்டு ஓடும். அதும் கல் ரோட்டுல, ஜீப்ல. நாலு மடக்கு குடிங்க, மறுநாள் பாப்போம். ஒட்டகப்பால்லயும் ஒண்ணு உண்டு, ஷுபாத். அது இதை விடக் கெட்டி.

சண்முகம்: கறில குதிரை வேண்டாம் தாயி. அய்யனார் ஏறுத வாகனத்தைத் திங்க மாட்டேன்.

கோமதி: அப்போ தெரிஞ்சுக்கோங்க. கசி, கர்தா, ஷுஜுக் இந்த மூணும் குதிரை. கசிங்கது குடல்ல அடைச்ச விலா. பெஷ்பர்மாக்னு ஒரு தாம்பாளம் வரும், அகலமான மாவுத் துண்டை வேக வச்சு மேல கறியும் வெங்காயமும். அதுல குதிரையும் இருக்கலாம், ஆடும் இருக்கலாம். 'கோய் எதி'ன்னா ஆட்டுக்கறி, 'ஜில்கி எதி'ன்னா குதிரை. சொல்லுங்க பாப்போம்.

சண்முகம்: கோய் எதி.

கோமதி: நீங்க மூத்த விருந்தாளின்னு ஆட்டுத் தலைய முழுசா அவிச்சு உங்க முன்னால வைக்க வாய்ப்பு உண்டு. நீங்கதான் அறுத்து எல்லாருக்கும் பங்கு வைக்கணும். சின்னப் பிள்ளைகளுக்குக் காது.

சண்முகம்: எனக்கு மூளை.

கோமதி: தேவைதான். எனக்கு வெள்ளி செவ்வாய் கறி கிடையாதே, அதுக்குத்தான் யோசனை. கறி வேண்டாம்னா 'அப்போ கோழி தரவா'ம்பாவ. காய் நூடுல்ஸ்னு கேட்டா எலும்புச் சாறுல வேக வச்சது வரும். சாறு எதுலன்னும் சேத்துக் கேக்கணும். பேசாம எட்டுக் கிலோ பருப்புப்பொடி கட்டிரலாம்னு பாக்கேன்.

சண்முகம்: பத்து நாளைக்கு எட்டுக் கிலோவா? ரெண்டு பேர், நாளைக்கு ரெண்டு வேளை, வேளைக்கு 20 கிராம். 800 கிராம். ஒரு கிலோ கட்டு, அது போதும். மிச்ச ஏழு கிலோவுக்கு ஸ்வெட்டர் வை. கோல்சாய் முதல் ஏரியே 1,800 மீட்டர் உயரம், ஜூன்லயும் ராத்திரி நடுக்கும். அந்த ஊர்ல பிளக் உருண்டைக் குச்சி, ரெண்டே ஓட்டை. நம்ம மூணு குச்சி குக்கர் ஏறாது, அடாப்டர் ஒண்ணு வாங்கு.

கோமதி: கழுகை மறந்துட்டியளே. கழுகைக் கைல வச்சு வேட்டைக்குப் போகணும்னு சொன்னியல்லா?

சண்முகம்: ஆமா, அதுக்குத்தான் வாரேன்.

கோமதி: ஜூன்ல கிடையாது. வேட்டை பனிக்காலத்துலதான். நரிக்கு அப்போதான் மயிர் அடர்த்தி, பனில தடமும் தெரியும். கோடைல கழுகு இறகு உதிர்க்கும், சும்மா வச்சிருப்பாவ. நீங்க பாக்கப்போறது போட்டோவுக்குக் கட்டி வச்ச கழுகு. அது கைல உக்காரதுக்கு முன்னாலயே ரேட்டு கேட்டுருங்க. உக்காந்த பிறகு பேரம் பேச உங்க கைக்குத் தெம்பு இருக்காது. பெட்டைக் கழுகு ஆறு கிலோ வரைக்கும் கனக்கும். குதிரைல போற வேட்டைக்காரனே கைக்கு முட்டா சேணத்துல கவட்டைக் கம்பு ஒண்ணு வச்சிருப்பான்.

சண்முகம்: சரி, நான் டிரிப் ஷீட் போடுதேன், எழுது. முதல் ரெண்டு நாள் அல்மாட்டி. மெதேவு பனிச்சறுக்குத் திடல் 1,691 மீட்டர். அங்க இருந்து ரோப் கார்ல ஷிம்புலாக், அப்புறம் இன்னும் ரெண்டு மாத்தி ஏறுனா தல்கார் கணவாய் 3,200 மீட்டர். நம்ம ஊருக்கு அது சாஸ்தி, தலை வலிச்சா உடனே இறங்கிரணும். மூணாம் நாள் சாரின், 200 கிலோமீட்டர். வெயிலுக்கு முன்னால கிளம்பணும், கீழ நிழல் கிடையாது. ராத்திரி சாத்தி கிராமம். நாலாம் நாள் காலைல காயின்டி ஏரி.

கோமதி: தண்ணிக்குள்ள மரம் நிக்குமே, அதுவா?

சண்முகம்: அதுதான். 1911 நிலநடுக்கத்துல மலை சரிஞ்சு ஓடையை அடைச்சிருச்சு, காடு அப்படியே முங்கிப்போச்சு. அதுக்குப் போற வழில ஆத்துக்குள்ளயே வண்டி இறங்கும். சாத்திலயே பழைய உவாஸ் வேன் பிடிக்கணும். இடுப்புக்கு ஒரு தலகாணி எடுத்துக்கோ. கையில ரொக்கமும் வேணும், கிராமத்துல எல்லா இடத்துலயும் கார்டு ஓடாது.

கோமதி: அஞ்சாம் நாள் கோல்சாய். முதல் ஏரில இருந்து ரெண்டாவது ஏரிக்கு எட்டுக் கிலோமீட்டர் ஏத்தம். நீங்க குதிரைல வாங்க, நான் நடந்து வாரேன். ஆறாம் நாள் திரும்பி அல்மாட்டி. ஒரு நாள் ரெஸ்ட். எட்டாம் நாள் அசி.

சண்முகம்: முடிஞ்சுது.

கோமதி: எங்க முடிஞ்சுது? அசில பெரியவுக கூட உக்காந்தா அவுக பேச்சு வம்சத்துலதான் போய் நிக்கும். கஜாக்குக்கு அப்பா வழில ஏழு தலைமுறைப் பேரு தெரிஞ்சிருக்கணும், ஜெதி அத்தா. ஏழு தலைமுறைக்குள்ள சொந்தத்துல கல்யாணம் கட்ட மாட்டாவ.

சண்முகம்: கட்ட மாட்டாவளா?

கோமதி: அதனால நான் உங்களுக்கு யாருன்னு கேட்டா பொண்டாட்டின்னு சொல்லி நிறுத்திரணும். மாமன் மகள்னு நீட்டக் கூடாது.

சண்முகம்: அவுக ஆட்டுத் தலைய அப்படியே திருப்பி எடுத்துக்கிடுவாவளோ? சரி, நிறுத்திருதேன். பாட்டன் பேரு கேட்டா?

கோமதி: ஏழு சொல்லணும். உங்களுக்குத் தாத்தாவுக்கு மேல தெரியுமா?

சண்முகம்: இது ஒரு கஷ்டமா? நான் சண்முகம். எங்க அப்பா சுப்பையா. தாத்தா பேரைத்தான எனக்கு வச்சாவ, அவரு சண்முகம். அவுக அப்பா சுப்பையா. அவுக அப்பா சண்முகம். ஏழு என்ன, எழுபது கேக்கச் சொல்லு.