கில்ட் எடுக்கும்போது காற்றையும் பாருங்கள்

கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், கொசுவம் வைத்த பாவாடை போன்ற உடை) வாங்குவது பற்றிய கட்டுரை ஒன்று, கோடைக்குக் கஜத்துக்கு 10 அவுன்ஸ் எடையுள்ள துணி, குளிருக்கு 16 அவுன்ஸ் என்று பிரிக்கிறது. அது எனக்கு ஏற்பில்லை. ஸ்காட்லாந்தில் பெரிய தொல்லை காற்று. 10 அவுன்ஸில் கொசுவம் சரியாக விழாது, சட்டென்று தூக்கிவிடும். தினசரிக்கு 13 அவுன்ஸ் கம்பளியில் 5 கஜம் போதும். 16 அவுன்ஸில் 8 கஜம் விழாவுக்கு அருமை; பேருந்தில் ஏறி இறங்கப் பாரம். கதகதப்பும் வேண்டும், பாரமும் கூடாது என்றால் அதே 16 அவுன்ஸ் துணியில் 4 கஜம் எடுத்து, பெட்டிக் கொசுவம் (இருபுறமும் உள்ளே மடித்த அகலக் கொசுவம்) வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

பருத்தி கில்ட் மழையில் நீரைக் குடித்துக் கனக்கும், லேசில் காயாது. கம்பளி தூறலைத் தாங்கும். நனைந்தால் இடுப்புப் பட்டியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள், ஹீட்டர் பக்கம் வேண்டவே வேண்டாம். காற்றுக்குப் பயந்து கில்ட் ஊசியை (முன்பக்கம் குத்தும் அலங்கார ஊசி) ஒன்றன்மேல் ஒன்றாக வரும் முன்பக்க இரண்டு அடுக்கிலும் சேர்த்துக் குத்துகிறார்கள். நடக்கும்போது இழுபட்டுத் துணி கிழியும். மேலடுக்கில் மட்டும் குத்துங்கள்.