வெள்ளைப்புள்ளியும் கல்யாணப் பத்திரிகையும்

இராமநாதபுரம் கடற்கரையில் இறால் குட்டைகளில் வெள்ளைப்புள்ளி நோய் விழும் பருவத்தில், அதை உண்டாக்கும் வைரஸ் எதற்காகத்தான் இருக்கிறது என்று பண்ணைக்காரர்கள் மனம் நொந்து கேட்பதுண்டு. அதற்கு நோக்கம் எதுவும் இல்லை என்பதே நேர்மையான பதில். தானாக உண்ணவோ வளரவோ இயலாத அது, ஓர் உயிரணுவுக்குள் நுழைந்து, அந்த அணுவின் உறுப்புகளைக் கொண்டே தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது; அப்படிப் பெருக முடிந்தவை நிலைத்தன, முடியாதவை அழிந்தன. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் 1 கோடி வைரஸ்கள் வரை இருக்கக்கூடும். பெரும்பாலானவை பாக்டீரியாக்களைத் தாக்குபவை. அவற்றால் சிதையும் பாக்டீரியாவின் சத்து கடலின் உணவுச் சுழற்சிக்கே திரும்புகிறது.

கணினி வைரஸ் அப்படியன்று. அதை எழுதிய கை ஒன்று உண்டு. 1986-இல் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய 'பிரெய்ன்' என்ற வைரஸ், அந்நாளில் கோப்புகளைக் கொண்டுசெல்லப் பயன்பட்ட ஃபிளாப்பி வட்டு வழியாகப் பரவியது. 2017 மே மாதம் பரவிய 'வான்னாகிரை', கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அது நுழைந்த மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தும், பலர் அதை நிறுவாமல் விட்டிருந்தார்கள்.

பிறப்பில் இவ்வளவு வேறுபட்ட இரண்டும், பரவும்போது மட்டும் நாம் திறந்துவிட்ட வழியிலேயே போகின்றன. வெள்ளைப்புள்ளி வைரஸ் 1994 வாக்கில் இந்தியப் பண்ணைகளுக்குள் வந்தது. 2009-க்குப் பின் பரவலான வனாமி என்ற இறால் வகையையும் அது விடவில்லை. நோய் கண்ட இறால் தீனி எடுக்காமல் கரையோரம் ஒதுங்கும். தலையோட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வெண்புள்ளிகள் தெரியும். 3 முதல் 10 நாட்களுக்குள் குட்டை முழுவதும் மடியக்கூடும். நோயுள்ள குஞ்சு, நண்டு, ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வலை என்று அதற்கு வழிகள் பல. எனினும் என்னைக் கோபப்படுத்துவது ஒன்றுதான்: அவசரமாக இறாலைப் பிடித்துவிட்டு, குளோரின் போட்டுச் சில நாள் நிறுத்திவைக்க வேண்டிய நீரை, யாருக்கும் சொல்லாமல் இரவோடு இரவாக ஓடையில் திறந்துவிடுவது. மறுநாள் அதே ஓடையிலிருந்துதான் அடுத்த பண்ணைக்காரர் மோட்டார் போட்டு நீர் ஏற்றுகிறார். அவருக்கும் வட்டிக்கடன் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பும் (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) இப்படித்தான் நகர்கிறது. திறந்து நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கியின் ஓடிபி திருடன் கைக்குப் போய்விடும். பிறகு அதே பத்திரிகை நம் பெயரிலேயே உறவினர்களுக்கும் போகும். வெளிநாட்டில் உழைப்பவர் அனுப்பும் பணத்தை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த கீழக்கரை, தொண்டிப் பக்கங்களில் அந்த இழப்பு சிறியதன்று. பணம் போனவர் வெட்கப்பட்டு வாய் மூடிக்கொள்வதால்தான், அவர் பெயரில் வந்த கோப்பை மைத்துனரும் நம்பித் திறக்கிறார். ஏமாந்தவரைக் கேலி செய்யும் நம் பழக்கத்துக்கும் அந்த மௌனத்தில் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே, குட்டையில் நோய் கண்டால் மதகைத் தொடுமுன் ஓடையைப் பகிரும் அத்தனை பண்ணைகளுக்கும் தகவல் சொல்லுங்கள். கைபேசியில் இப்படி நேர்ந்தால் உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு கைபேசியிலிருந்து வங்கியையும் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணையும் அழையுங்கள். உறவினர் குழுவிலும் அன்றே தெரிவித்துவிடுங்கள்.