ஹம்மன்ஹீல் கோட்டை ஹோட்டலா கட்டினதோ?

வாட்ஸ்அப்பில ஒரு படம் சுத்துது, காரைநகர் கடலுக்க நிக்கிற ஹம்மன்ஹீல் கோட்டையப் போட்டு, "டச்சுக்காரன் லீவுக்கு வந்து நிக்கக் கட்டின ஹோட்டல்" எண்டு எழுதிக்கிடக்கு. அப்பிடி இல்லப்பா. யாழ்ப்பாணத்துச் சுற்றுலாக் கட்டடங்களின்ர கதையத் தேடித் திரியிற ஆள் நான், அதால சொல்லுறன்.

முதல் கட்டினது போர்த்துக்கீசர், அதுவும் ஊர்காவற்றுறைப் பக்கம் வாற கப்பல் வழியைக் காவல் காக்க. 1658ல ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், பிடிச்சு, இடிஞ்சதைத் திருத்தி இந்தப் பேரையும் வைச்சவை. ஹம்மன்ஹீல் எண்டா அவையின்ர பாசையில பன்றித்தொடையின்ர குதிக்கால்; இலங்கை பன்றித்தொடை மாதிரியாம், இது அதின்ர குதிக்காலாம், பேர் வைக்கேக்க பசி போல. பிறகு அது மறியலாயும் கிடந்தது, அரசாங்கத்துக்கு எதிரான 1971 கிளர்ச்சியில பிடிபட்ட ஜேவிபி எண்ட இடதுசாரிக் கட்சிப் பெடியளையும் உங்கதான் அடைச்சு வைச்சவங்கள். ஹோட்டல் எண்டது யுத்தம் முடிஞ்ச பிறகு நேவி செய்த வேலை.

போட்டில கிட்டப் போய்ப் பாருங்கோ, தண்ணிக்குள்ள இருந்து நேர எழும்பிற முருகைக்கல் மதில், உள்ள போக ஒரேயொரு வாசல். லீவுக்கு வாறவனுக்கு உப்பிடி ஆர் கட்டுவான்?