ஓரெழுத்துப் பிழைதானே என்கிறார்கள்

தமிழக-கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளத்தில் உட்கார்ந்து அழகுசாதன விளம்பரங்களைத் தமிழாக்குகிறேன். நேற்று வந்த தாளில் ‘ஷீர் வெண்ணெய்’. ஆப்பிரிக்க ஷியா மரக் கொட்டையின் கொழுப்பைத்தான் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போயிற்று. மலையாளப் பிரதியைப் புரட்டினால் அங்கேயும் அதே ‘ஷீர்’!

அது போகட்டும். ஒரே கிரீமுக்கு மேலே ரெட்டினால், கீழே ரெட்டினல். இரண்டும் வைட்டமின் ஏ குடும்பம்தான். ஆனால் தோலுக்குள் உண்மையில் வேலை செய்யும் வடிவமான ரெட்டினோயிக் அமிலமாக மாற முன்னதற்கு இரண்டு படிகள், பின்னதற்கு ஒன்றே. வீரியமே வேறு. கர்ப்பிணிகள் இவ்வகையைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். தாளை அனுப்பியவர்களிடம் எது சரி என்று கேட்டால், “ஏதாவது ஒன்றைப் போடுங்கள், யார் படிக்கப்போகிறார்கள்?” என்று பதில். என் தங்கை படிக்கிறாள் ஐயா, ஒவ்வொரு டப்பாவையும் திருப்பித் திருப்பிப் படிக்கிறாள்!