கரிப் படலம்

(திருச்சி உறையூரில் ஒரு வீட்டுத் திண்ணை, மாலை நேரம். இராமலிங்கம் பொன்மலை ரயில்வே பணிமனையின் கொதிகலன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த வீட்டு சவரிமுத்து ஒரு காலத்தில் சுருட்டு உருட்டியவர். திண்ணையில் விரித்த செய்தித்தாளின் மேல் இரண்டு துண்டாக ஒரு புதிய சுங்கான் என்னும் புகைபிடிக்கும் குழாய், ஒரு வெர்னியர் அளவுகோல், துண்டால் மூடிய ஒரு பாட்டில்.)

சவரிமுத்து: என்ன சார், தண்ணீர்க் குழாய் பழுதா?

இராமலிங்கம்: சுங்கான், அண்ணே. பிரான்சிலிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்தது.

சவரிமுத்து: மாப்பிள்ளைக்கு உங்கள் மேல் என்ன கோபம்?

இராமலிங்கம்: அவர் புதுச்சேரிக்காரர். அவருடைய தாத்தா சுங்கானை வாயிலிருந்து எடுத்ததே இல்லையாம். ஓய்வு பெற்ற மனிதர் கையில் இப்படி ஒன்று இருந்தால் மதிப்பாக இருக்கும் என்று நினைத்துவிட்டார். ஜூரா மலைப்பக்கம் சேன் குளோட் என்று ஓர் ஊர். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அந்த ஊர் இதற்குப் பேர்போனது.

சவரிமுத்து: என்ன மரம்? தேக்கா?

இராமலிங்கம்: பிரையர். மரம் என்றுகூடச் சொல்ல முடியாது, மத்தியதரைக் கடலோரத்துப் புதர். வேரும் தண்டும் சேரும் இடத்தில் மண்ணுக்குள் கிழங்குபோலப் புடைத்திருக்கும். அதை வெட்டி எடுத்து, மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து, மாதக்கணக்காக உலர்த்திய பிறகுதான் குடைவார்களாம். அப்படிச் செய்தால் நெருப்பை நன்றாகத் தாங்கும்.

சவரிமுத்து: இவ்வளவு பாடுபட்டு அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் பற்றவைக்க வேண்டியதுதானே?

இராமலிங்கம்: அது முடியாது. முதலில் இதைப் பழக்கவேண்டும்.

சவரிமுத்து: "இந்தாருங்கள், ஒரு மாதம் பழக்கிவிட்டுப் பிடியுங்கள்" என்று நாங்கள் சுருட்டை நீட்டியிருந்தால், வாங்கியவர் எங்களைப் பழக்கியிருப்பார். சரி, பழக்கத்தானே வேண்டும்? எதற்காகக் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள்?

இராமலிங்கம்: (குரலைத் தாழ்த்தி) எறும்பு.

சவரிமுத்து: சுங்கானிலா?

இராமலிங்கம்: முதல் தடவை பற்றவைப்பதற்கு முன்னால், புகையிலை வைக்கும் கிண்ணத்தின் உட்புறம் லேசாகத் தேன் தடவினால் கரி நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். வேறு சிலர் கூடவே கூடாது என்கிறார்கள். நான் தடவும் கட்சியில் சேர்ந்துவிட்டேன். காலையில் பார்த்தால் கிண்ணத்துக்குள் ஒரு கூட்டம், தண்டு வழியாக இன்னொரு கூட்டம். வாய்ப்பக்கம் உள்ளே போய்க் கிண்ணத்துப் பக்கம் வெளியே வருகின்றன. நெரிசலே இல்லை. ஒருவழிப் பாதை.

சவரிமுத்து: ரயில்வேக்காரர் வீட்டு எறும்பு அல்லவா!

இராமலிங்கம்: சிரிக்காதீர்கள். தண்ணீரில் முக்கிக் கழுவலாம் என்றால் மரம் ஊறிவிடும் என்று பயம். சாராயச் சத்துள்ள எதிலாவது துணியை நனைத்துத் துடைத்தால் பிசுக்கும் போகும், சீக்கிரம் காயவும் செய்யும்.

சவரிமுத்து: (துண்டைத் தூக்கிப் பார்த்து) ஆக, நேற்று டாஸ்மாக் வரிசையில் நின்றது நீங்கள்தான். தெருவே பேசிக்கொள்கிறது. நான்தான், "அவர் மோருக்குக்கூட உப்பு போடாத மனிதர், ஆள் மாறியிருக்கும்" என்று அடித்துச் சொன்னேன்.

இராமலிங்கம்: வாழ்க்கையில் முதல் முறை, அண்ணே. என்ன வேண்டும் என்று கேட்டான். "நிறமும் வாசனையும் இனிப்பும் இல்லாததாக ஒன்று கொடு, குழாய் துடைக்க" என்றேன். பின்னால் நின்றவர் என் தோளில் கைவைத்து, "எல்லோரும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்வோம்" என்றார்.

சவரிமுத்து: வீட்டில் அம்மாவுக்குத் தெரியுமா?

இராமலிங்கம்: பாட்டில் தெரியாது, சுங்கான் தெரியும். நாட்டில் பொது இடங்களில்தான் புகைபிடிக்கத் தடை. 2008 அக்டோபர் 2 முதல் அதைக் கடுமையாக்கினார்கள். மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். இந்த வீட்டில் கூடம், சமையலறை, மாடி, கொல்லை எல்லாமே பொது இடம் என்று அவள் அறிவித்துவிட்டாள். திண்ணை மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

சவரிமுத்து: அது போகட்டும், தண்டின் துளையில் இதென்ன ரோஸ் கலரில் மினுங்குகிறது?

இராமலிங்கம்: துளையைச் சுத்தம் செய்யக் கம்பியில் பஞ்சு சுற்றிய குச்சி வேண்டும். ஊரெல்லாம் தேடினேன். கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடையில், பிள்ளைகள் கைவேலைக்கு வாங்கும் பாக்கெட் கிடைத்தது. பொம்மை செய்வதற்கு என்றே ஜிகினா ஒட்டியிருக்கிறார்கள். எறும்பு போய்விட்டது, ஜிகினா வர மறுக்கிறது.

சவரிமுத்து: பிரான்சுக்காரன் பார்த்தால் அழுதுவிடுவான். இந்த அளவுகோல் எதற்கு?

இராமலிங்கம்: (நிமிர்ந்து உட்கார்ந்து) அங்கேதான் விஷயமே இருக்கிறது. பழக்குவது என்றால் என்ன? கிண்ணத்தின் உட்சுவரில் கரிப் படலம் ஏறவேண்டும். ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. அந்தப் படலம்தான் நெருப்புக்கும் மரத்துக்கும் நடுவே நிற்கும். அது இல்லாமல் இழுத்தால் மரமே கருகி ஓட்டை விழும். தடிமன் கூடினாலும் ஆபத்து. சூட்டில் கரி விரிகிற கணக்கு வேறு, மரம் விரிகிற கணக்கு வேறு, கிண்ணம் பிளந்துவிடும். ஆகவே வளர்க்கவும் வேண்டும், அளவு மிஞ்சினால் சுரண்டவும் வேண்டும்.

சவரிமுத்து: சார், உங்கள் ஆயுள் முழுவதும் கொதிகலனில் படிந்ததைச் சுரண்டித்தானே சம்பளம் வாங்கினீர்கள்?

இராமலிங்கம்: அந்த வேதனையைக் கேட்காதீர்கள். ஊட்டி மலை ரயில் இஞ்சின் வரும். கொதிகலனுக்குள் தண்ணீரின் உப்பெல்லாம் ஓடுபோலப் படிந்திருக்கும். அது சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாது. தகடு அதிகமாகக் காயும், நிலக்கரி வீணாகும். ஒரு கடுகளவு விட்டாலும் மேலதிகாரி திட்டுவார். இங்கேயும் அதே காரியம்தான், படலம் சூட்டைத் தடுக்கிறது. அங்கே அதற்குப் பெயர் குற்றம், இங்கே அதற்குப் பெயர் பக்குவம். படியட்டும் படியட்டும் என்று காத்திருக்கிறேன், கையோ சுரண்டச் சொல்கிறது. ராத்திரி தூக்கத்தில்கூட எதையோ சுரண்டுகிறேனாம். போர்வை கிழிந்துவிட்டது என்கிறாள்.

(பொன்மலையில் வேலை பார்த்தவர்கள் எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார்கள். இராமலிங்கம் கிண்ணத்தின் உள் விட்டத்தை அளந்து, 19.0 மி.மீ. என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போடுகிறார்.)

சவரிமுத்து: சரி, புகையிலை?

இராமலிங்கம்: அதுதான் இல்லை. மாப்பிள்ளை சுங்கானைக் கொண்டுவந்தார், புகையிலையை மறந்துவிட்டார். ஆரம்பத்தில் இனிப்பு வாசனை சேர்க்காத, சாதாரணப் புகையிலைதான் நல்லதாம்.

சவரிமுத்து: (மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து) இதைவிடச் சாதாரணம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறிச் சீமைக்குப் போன சரக்கின் வாரிசு. டாக்டர் என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார், அன்றே பிடிப்பதை நிறுத்திவிட்டேன். ஒன்று மட்டும் வாசனைக்கு வைத்திருக்கிறேன். உதிர்த்துப் போடுங்கள்.

இராமலிங்கம்: நிறைய வேண்டாம். முதல் சில தடவை மூன்றில் ஒரு பங்கு, பிறகு பாதி, அப்புறம்தான் முழுக் கிண்ணம். அடியிலும் கரி பிடிக்கவேண்டும் அல்லவா? நிரப்புவதற்கும் முறை உண்டு. அடியில் குழந்தைக் கையால் அழுத்தவேண்டும், நடுவில் பெண் கையால், மேலே ஆண் கையால்.

சவரிமுத்து: ஒரு குழாய்க்கு ஒரு குடும்பமே வேண்டுமா? பேரனைக் கூப்பிடட்டுமா? அம்மாவையும் கூப்பிடுகிறேன்.

இராமலிங்கம்: (பதறி) அது அழுத்தத்தைச் சொன்னது! கீழே மெதுவாக, மேலே கொஞ்சம் இறுக்கமாக. (நிரப்பிவிட்டுத் தீக்குச்சி கிழிக்கிறார்) முதல் நெருப்பு வெறும் சடங்கு. மேலே உள்ள புகையிலை கருகி உப்பும். அதை மெல்ல அமுக்கிவிட்டு இரண்டாவது குச்சி. அதுதான் உண்மையான நெருப்பு.

(அணைகிறது. மூன்றாவது குச்சி. அணைகிறது.)

சவரிமுத்து: இரண்டாவதுதான் உண்மை என்றீர்கள்.

இராமலிங்கம்: நிதானமாக இழுக்கவேண்டும், அண்ணே. வேகமாக இழுத்தால் கிண்ணம் கொதிக்கும், நாக்கு வெந்துபோகும். புகையை நுரையீரல்வரை விடவும் கூடாது, வாயோடு சரி.

சவரிமுத்து: உள்ளேயும் போகக்கூடாது, வேகமாகவும் கூடாது, நிறையவும் கூடாது. இதற்குப் பேசாமல் கோயில் வாசலில் சாம்பிராணிப் புகையில் நிற்கலாமே?

(ஐந்தாவது குச்சிக்குப் பின் புகை வருகிறது. இராமலிங்கம் கண்களை மூடிக்கொண்டு இரண்டு இழுப்பு. நான்காவதில் முகம் வெளிறுகிறது.)

இராமலிங்கம்: அண்ணே... திண்ணை நகர்கிறதா?

சவரிமுத்து: நகரவில்லை. வியர்க்கிறதா? காதுக்குள் ரயில் ஓடுகிறதா?

இராமலிங்கம்: கூட்ஸ் வண்டி.

சவரிமுத்து: காரம் தலைக்கேறிவிட்டது. அப்படியே படுங்கள். அம்மா! கொஞ்சம் சர்க்கரை கொண்டுவாருங்கள்! (சுங்கானை வாங்கி) இதைக் கழற்றிக் கொட்டிவிடட்டுமா?

இராமலிங்கம்: (படுத்தபடியே அலறி) சூடாக இருக்கும்போது கழற்றாதீர்கள்! பொருத்து முறிந்துவிடும்! சுவரிலும் தட்டாதீர்கள்! முழுக்க ஆறிய பிறகு குச்சி விட்டுத் துடைத்து, ஒரு நாளாவது ஓய்வு கொடுக்கவேண்டும். ஈரம் காயவேண்டும் அல்லவா?

சவரிமுத்து: நான்கு இழுப்புக்கு ஒரு நாள் லீவா? எந்த யூனியன் சார் வாங்கிக் கொடுத்தது?

(சர்க்கரை வருகிறது. கூடவே வந்த பார்வை பாட்டிலின் மேல் விழுந்து, எதுவும் பேசாமல் திரும்பிப் போகிறது. இராமலிங்கம் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்கிறார். நேரம் போகிறது. கிண்ணம் ஆறுகிறது.)

இராமலிங்கம்: சாம்பலைத் தள்ளிவிட்டு அளந்து பாருங்கள், அண்ணே. எவ்வளவு ஏறியிருக்கிறது?

சவரிமுத்து: (அளவுகோலை உள்ளே விட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி) பத்தொன்பது.

இராமலிங்கம்: புள்ளிக்குப் பிறகு?

சவரிமுத்து: பூஜ்யம். ஆனால் ஜிகினா நன்றாகப் படிந்திருக்கிறது.

இராமலிங்கம்: பரவாயில்லை, இன்னும் முப்பது நாற்பது தடவை பிடித்தால் சரியாகிவிடும்.

சவரிமுத்து: ஒவ்வொரு தடவைக்கும் அம்மா சர்க்கரை கொண்டுவரவேண்டும், நீங்கள் டாஸ்மாக் போய்வரவேண்டும். பேசாமல் பேரனிடம் கொடுத்துவிடுங்கள். சோப்புத் தண்ணீரைத் தொட்டு நுரை ஊதட்டும்.

இராமலிங்கம்: (எழுந்திருக்க முயன்று, மறுபடியும் சாய்ந்து) தண்ணீர் மட்டும் படவே கூடாது, அண்ணே!