பாராளுமன்றத்தில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு கிடையாது

"பாராளுமன்றத்தில் 25 வீதம் பெண்களுக்கு ஒதுக்கியாச்சு, வாக்குப் போடாட்டிலும் அவை உள்ள வருவினம். பெண்ணியக் கதையைக் கேட்டு விருப்பு வாக்கை வீணாக்காதேங்கோ." யாழ்ப்பாண வட்சப் குழுக்களில், முதன்முறை வாக்களிக்கப்போகும் பிள்ளைகளுக்கென்று சுற்றும் இந்தச் செய்தி தவறானது.

25 வீத ஒதுக்கீடு உள்ளூராட்சி சபைகளுக்கு மட்டுமே உரியது. 2018 தேர்தலில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. அங்கே விருப்பு வாக்கே இல்லை. பாராளுமன்றத்துக்கு அப்படியொரு சட்டம் கிடையாது, கட்சிகள் நேரடியாக ஆட்களை நியமிக்கும் தேசியப் பட்டியலுக்கும் இல்லை. கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடியிட்ட பிறகு, அதே பட்டியலில் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். அந்தப் பட்டியலுக்கு மாவட்டத்தில் கிடைக்கும் ஆசனங்களில் யார் பாராளுமன்றம் போவார் என்பதை முடிவுசெய்வது அதுதான். 2010, 2015 தேர்தல்களில் விஜயகலா மகேஸ்வரன் இங்கிருந்து அப்படித்தான் தெரிவானார். 2024 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் ஒன்றுகூடப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. ஒதுக்கீடு இருந்திருந்தால் இது எப்படி நடக்கும்?

ஒரு வேட்பாளரின் கொள்கை பிடிக்காவிட்டால் விடுங்கள், அது உங்கள் உரிமை. இல்லாத சட்டத்தைச் சொல்லிப் பிள்ளைகளின் தெரிவைத் திருப்புவது அநியாயம். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் சட்டங்கள் தமிழிலேயே உள்ளன, யாழ். மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலும் கேட்கலாம். இந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய குழுவில் இந்த விளக்கத்தைப் போட்டுவிடுங்கள்.